தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி

போன மாசம் அக்கா பொண்ணு லீவுக்கு பொதட்டூர்பேட்டை வந்திருந்தா. பி.எஸ்சி. விலங்கியல், ரெண்டாவது வருஷம். ராத்திரி கரண்ட் போனதும் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறிட்டோம். பேச்சு எங்கெங்கேயோ சுத்தி என்னோட காலேஜ் நாளுக்கு வந்துது. நானும் அதே விலங்கியல்தான் படிச்சேன் (படிச்சதுக்கும் பாக்குற வேலைக்கும் சம்பந்தமில்லை, அது தனி சோகம்). தவளை அறுத்த கதையைக் கொஞ்சம் மசாலா சேர்த்து சொல்லிக்கிட்டிருந்தேன். பாதியிலேயே நிறுத்திட்டா.

"மாமா, அந்தத் தவளையை அறுத்து நீங்க புதுசா என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க? படத்துல பாத்திருந்தா தெரிஞ்சிருக்காதா?"

திருதிருன்னு முழிச்சேன். சமாளிக்கணுமே, சட்டுன்னு சொன்னேன்: "அப்படிப் பாத்தா நான் இன்னிக்கு உயிரோட உக்காந்திருக்கறதே ஒரு ஆடு செத்ததாலதான்."

"அது வேற, இது வேற மாமா."

"எப்படி வேற?"

அவ யோசிக்கறதுக்குள்ள கரண்ட் வந்துடுச்சு. எல்லாரும் சீரியல் பாக்க கீழ இறங்கிட்டாங்க. அவளுக்கு அந்தப் பேச்சு அங்கேயே முடிஞ்சுது, எனக்கு முடியலை. ஒரு மாசமா கையில கிடைச்சதையெல்லாம் படிச்சேன். அதான் இந்தப் பதிவு. நீளம் கொஞ்சம் ஜாஸ்தி, ஒரு டீயோட உக்காருங்க மக்கா.

முதல்ல தவளை

கொசுவத்தியை 1991க்கு சுத்தறேன். காலேஜ் லேபுல மெழுகு ஊத்தின தட்டு வரிசையா இருக்கும். தவளைங்க கோணிப்பையில வரும். குளோரோஃபார்ம் ஜாடிக்குள்ள போட்டு, அசைவு நின்னதும் எடுத்து மல்லாக்கப் படுக்கவெச்சு கை காலு நாலையும் குண்டூசியால குத்தணும். வயித்துத் தோலைக் கத்தரிச்சு ரெண்டு பக்கமும் விரிச்சா உள்ள இதயம் துடிச்சுக்கிட்டே இருக்கும். முதல் தடவை அதைப் பாத்தப்ப எனக்குக் கை நடுங்கிச்சு. மூணாவது தடவை நடுங்கலை. இதை எழுதும்போது அந்த மூணாவது தடவைதான் உறுத்துது.

ரத்தக்குழாய் தெளிவாத் தெரியற மாதிரி வெட்டினாத்தான் மார்க். நான் தப்பா வெட்டி தட்டு முழுக்க ரத்தமாக்கிட்டேன். "வேற ஒண்ணு எடுத்துக்கோ" அப்படின்னாங்க, எடுத்துக்கிட்டேன். அவ்வளவுதான், பென்சில் உடைஞ்சா வேற பென்சில் எடுக்கற மாதிரி. எங்க வகுப்புல முப்பது பேர். எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேர் வாத்தியார், ஒருத்தர் எல்.ஐ.சி., மிச்சம் பாதிப் பேர் தறி, மளிகை, ரியல் எஸ்டேட். அந்தத் தவளையோட ரத்தக்குழாய் எந்தப் பக்கம் பிரியுதுன்னு இன்னிக்குக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. நான் உட்பட.

இப்ப ஆடு

கொசுவத்தியை இன்னும் எட்டு வருஷம் பின்னாடி சுத்தணும். 1983. எனக்கு ஒன்பது வயசு. எங்க ஊர் நெசவு ஊருன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். காலையில தெருவுல பாவு நீட்டியிருப்பாங்க. பாவு நூலுக்குக் கீழ குனிஞ்சு ஓடறதுதான் எங்களுக்கு விளையாட்டு. அப்படி ஓடினப்ப அங்க படுத்திருந்த நாய் மேல காலை வெச்சுட்டேன். கெண்டைக்கால்ல ஒரே கவ்வு. எங்க ஆயா ஓடிவந்து மிளகாப்பொடியும் சுண்ணாம்பும் அப்பினாங்க (தயவுசெஞ்சு நீங்க யாரும் இதைச் செய்யாதீங்க). ரெண்டு நாள்ல அந்த நாய் காணாமப் போச்சு. அதோட அப்பா முகமே மாறிடுச்சு. மறுநாளே பஸ் ஏத்தி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டார்.

அன்னியிலேருந்து தினமும் ஒரு ஊசி. கையில இல்லை, வயித்துல. தொப்புளைச் சுத்தி கடிகார முள் மாதிரி இடம் மாத்தி மாத்தி. அஞ்சாவது நாளே வயிறு கல்லு மாதிரி வீங்கிடுச்சு. தினம் பஸ்ஸுல அழுதுகிட்டே போவேன், அழுதுகிட்டே வருவேன். அப்பா தறியை விட்டுட்டு கூடவே வந்தார். பக்கத்து சீட்டுல ஒருத்தர், "தம்பி, அது ஆட்டு மூளையில செய்யற மருந்து, நல்லதுதான்" அப்படின்னார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் ஆயா கையெடுத்து கும்பிட்டாங்க. "எந்த ஆடோ, எம்பேரனுக்காக உசிர குடுத்துச்சு."

ஆயா சொன்னதுக்கு முழு அர்த்தம் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது.

பாரிஸிலிருந்து குன்னூர் வரை

1885 ஜூலை 6. வெறிநாய் கடிச்ச ஜோசப் மெய்ஸ்டர்ங்கற பையனுக்கு பாரிஸ்ல லூயி பாஸ்டியரோட மருந்து முதல்முறையா போடப்பட்டது. அவனுக்கும் ஒன்பது வயசுதான்! அந்த மருந்து வந்த வழி முயல். நோய்க்கிருமியை முயலுக்கு ஏத்தி, அது செத்ததும் தண்டுவடத்தை எடுத்து நாள்கணக்கில் காயவைத்து வீரியத்தைக் குறைத்து உருவாக்கியது. பையன் பிழைச்சான். உலகம் முழுக்க பாஸ்டியர் பெயரில் நிலையங்கள் முளைத்தன.

இந்தியாவுக்கு 1900ல வந்தது, இமயமலை அடிவாரத்துல கசௌலியில. தெற்கே நமக்கு? 1902ல நீலகிரியில லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ்ங்கற வெள்ளைக்காரப் பெண் வெறிநாய்க்கடியால செத்துப்போனாங்க. அந்தச் சாவுக்கு அப்புறம்தான் தென்னிந்தியாவுக்கும் ஒண்ணு வேணும்ங்கற குரல் வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ்ங்கற அமெரிக்கப் பணக்காரர் இந்தியாவுக்குக் கொடுத்த நன்கொடையில ஒரு பகுதி கிடைக்க, 1907 ஏப்ரல்ல குன்னூர் பாஸ்டியர் நிலையம் திறந்தது. நாய் கடிச்சவங்க தென்னாட்டுல பல ஊர்லேருந்தும் குன்னூருக்கு ரயிலேறிப் போனாங்க.

ஊசி நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கே வர வழி செஞ்சவர் டேவிட் செம்பிள், கசௌலி நிலையத்தோட முதல் இயக்குநர். 1911ல அவர் செஞ்ச மாற்றம் எளிமையானது. நோய்க்கிருமி ஏறின மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலம் சேர்த்து கிருமியைச் சாகடிச்சுட்டா அதைப் புட்டியில அடைச்சு வெளியூருக்கு அனுப்பலாம். நோயாளி மலையேற வேண்டாம். முயல் மூளை சின்னது, அதனால ஆடு. இந்தியாவுல பல பத்து வருஷம் நாய்க்கடின்னா இந்த ஆட்டு மூளை மருந்துதான். குன்னூர்ல பிற்பாடு கார்பாலிக் அமிலத்துக்குப் பதிலா வேற ரசாயனம் பயன்படுத்தினாங்க, ஆனா மூளை அதேதான்.

செய்முறையைக் கொஞ்சம் விவரமா சொல்லிடறேன், இதைத் தெரியாம பேசறது நியாயமில்லை. நல்லா இருக்கற ஆட்டோட மண்டையில துளை போட்டு மூளைக்குள்ள கிருமியை ஏத்துவாங்க. சில நாள்ல ஆடு தள்ளாடும், காலு விழும், வாதம் வந்து படுத்துடும். அந்தக் கட்டத்துல கொன்னு மூளையை எடுப்பாங்க. அரைச்சு 5 சதவீதக் கரைசலாக்குவாங்க. ஒரு ஆட்டு மூளை சுமாரா 100 கிராம். அப்படின்னா ஒரு ஆட்டுக்கு 2 லிட்டர் மருந்து. பெரியவங்களுக்கு முழுக் கணக்கு 14 ஊசி, ஊசிக்கு 5 மில்லி, ஆக 70 மில்லி. வீணாப் போனதைக் கழிக்காம கணக்குப் போட்டா ஒரு ஆடு 28 பேருக்கு. (கடியோட தீவிரத்தைப் பொறுத்து ஏழு ஊசியோட முடிஞ்சவங்களும் உண்டு.)

ரேபிஸ் வந்துட்டா சாவு கிட்டத்தட்ட நிச்சயம். ஒரு ஆடு, இருபத்தெட்டு பேர். 1911ல யாராவது என்கிட்ட இந்தக் கணக்கைக் காட்டி "சரியா?"ன்னு கேட்டிருந்தா தயங்காம சரின்னு சொல்லியிருப்பேன். ஞாயித்துக்கிழமை ஒரே ஆட்டை இருபத்தெட்டு பேர் சாப்பிடற ஊர்க்காரன் நான், வேற என்ன சொல்ல!

குன்னூர் பத்தி கொசுறா ஒண்ணு. அதே வளாகத்துல ராபர்ட் மெக்காரிசன்ங்கற டாக்டர் எலிகளுக்கு இந்திய மாகாணச் சாப்பாடுகளைப் போட்டு வளர்த்துப் பாத்தார். சப்பாத்தி, பால், பருப்பு, காய்னு சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிங்க முதலிடம். வெள்ளை அரிசிச் சோறு சாப்பிட்ட 'மதராஸி' எலிங்க கடைசி :-( தீட்டின அரிசியோட குறையை ஊருக்குச் சொன்ன ஆய்வுகள்ல அதுவும் ஒண்ணு. அந்த ஆய்வுக்கூடம்தான் 1958ல ஹைதராபாத்துக்குப் போய் இன்னிக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு. எலிக்கும் நாம கடன்பட்டிருக்கோம்.

தறிக்குழியில காலு

இதுவரைக்கும் கதை நேர்க்கோடு. இனிமேதான் சிக்கல்.

எங்க தெருவுல ஒரு நெசவாளர் இருந்தார். பேர் வேண்டாம். எனக்குக் கடிச்சதுக்கு மூணு நாலு வருஷம் கழிச்சு அவரையும் நாய் கடிச்சுது. அதே ஆட்டு ஊசி. கடைசி ஊசிங்க போட்டுக்கிட்டிருக்கும்போதே காலு மரத்துப்போக ஆரம்பிச்சுது. ஒரு வாரத்துல எழுந்திருக்க முடியலை. ஊர்ல எல்லாரும் "விஷம் ஏறிடுச்சு, இனிமே அவ்ளோதான்" அப்படின்னாங்க. ஆனா அவர் சாகலை. பல மாசம் கழிச்சு கோல் ஊனி நடந்தார். குழித்தறியில உக்காந்து மிதிக்கற பலம் மட்டும் திரும்ப வரவே இல்லை. நெசவாளிக்குக் கையை விட காலு முக்கியம்னு தறியில உக்காந்தவங்களுக்குத் தெரியும். அப்புறம் அவர் வாசல்ல உக்காந்து பிள்ளைங்களுக்கு நூல் சுத்திக் கொடுத்துக்கிட்டிருந்தார்.

ரேபிஸ் நிஜமாவே வந்திருந்தா அவர் பிழைச்சிருக்க மாட்டார். இது ஊசியோட பின்விளைவு மாதிரிதான் எனக்கு இப்பத் தெரியுது. ஆட்டு மூளை ஊசியில கிருமி மட்டுமில்லை, ஆட்டோட நரம்பு உறைப் பொருளும் சேர்ந்தே உள்ள போகுது. நம்ம உடம்பு அதை எதிரின்னு நினைச்சு சண்டை போடக் கத்துக்குது. பிரச்னை என்னன்னா நம்ம நரம்பு உறையும் கிட்டத்தட்ட அதே சரக்குதான். ஆட்டோட நரம்பை அடிக்கக் கத்துக்கிட்ட உடம்பு தன்னோட நரம்பையே அடிக்குது. வாதம், சில பேருக்கு மரணம். எத்தனை பேருக்குன்னா, ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறும்: சில நூறு பேருக்கு ஒருத்தர்ங்கறதுலேருந்து சில ஆயிரம் பேருக்கு ஒருத்தர்ங்கற வரைக்கும். நாய் கடிச்சாலும் நோய் வராம போக வாய்ப்பிருந்த ஒருத்தருக்கு மருந்தால காலு போனா அதை எந்தக் கணக்குல எழுதறது?

"வேற வழி இல்லையே அப்ப"ன்னு சொல்லத் தோணுதா? எனக்கும் தோணிச்சு. அதுக்கப்புறம் வருஷங்களைப் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்தேன்.

1976ல ஈரான்ல செஞ்ச ஆய்வு வெளியாச்சு. வெறிபிடிச்ச நாயும் ஓநாயும் கடிச்ச 45 பேருக்கு, மூளையே இல்லாம ஆய்வுக்கூடத்துல வளர்த்த மனித செல்லில் செஞ்ச புது ஊசியைப் போட்டாங்க, கூடவே எதிர்ப்பு சீரமும். 45 பேரும் பிழைச்சாங்க. 1980கள்லயே உலக சுகாதார நிறுவனம், மூளைத் திசு ஊசியைக் கைவிடுங்கன்னு நாடுகளுக்குச் சொல்லிடுச்சு. இந்தியாவுல ஆட்டு மூளை ஊசி நின்னது எப்ப தெரியுமா? 2004 டிசம்பர்.

கிட்டத்தட்ட இருபது வருஷம். அந்த இருபது வருஷத்துல புது ஊசி இந்தியாவுல இல்லாம இல்லை. இருந்துது, மருந்துக்கடையில, விலைக்கு. ஒரு டோஸே சில நூறு ரூபா, அஞ்சு டோஸ் போடணும். காசு இருந்தவங்களுக்குக் கையில அஞ்சு ஊசி. இல்லாதவங்களுக்கு ஆஸ்பத்திரியில இலவசமா தொப்புளைச் சுத்தி. ஆட்டைக் கொன்னது விஞ்ஞானத்துக்கு வேற வழி தெரியாததாலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு கட்டம் வரைக்கும் அது உண்மை. அதுக்கப்புறம் ஆடு செத்தது ஏழைக்கு இது போதும்னு விட்டதால. ஆட்டுக்கு நடந்த அநியாயமும் எங்க தெரு நெசவாளருக்கு நடந்த அநியாயமும் வேற வேற இல்லை, ரெண்டும் ஒரே புட்டியில இருந்துது.

இன்னொரு கூத்து. 2003 ஆகஸ்ட்ல கோயில்ல ஆடு கோழி பலி கொடுக்கக் கூடாதுன்னு 1950ம் வருஷச் சட்டத்தைத் தமிழக அரசு தூசு தட்டி எடுத்தது ஞாபகம் இருக்கா? கிராமமெல்லாம் கொந்தளிச்சுது. 2004 பிப்ரவரியில சட்டமே ரத்தாச்சு. அந்த ஆறு மாசமும் எல்லா டீக்கடையிலயும் ஆடுதான் பேச்சு. அதே சமயத்துல ஆய்வுக்கூடத்துல வாதம் வந்து படுத்துக்கிட்டிருந்த ஆடுங்களைப் பத்தி டீக்கடையில ஒருத்தரும் பேசி நான் கேட்டதில்லை. நானும் பேசலை, சாமி சத்தியமா.

ஒரே ஒரு குரங்கோட சிறுநீரகம்

ஆட்டை விடுவிச்சது எது? பாதி பதில் ஒரு குரங்கு.

1962ல ஜப்பான்ல சிபா பல்கலைக்கழகத்துல ஒரு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கோட சிறுநீரகத்துலேருந்து செல்களை எடுத்து வளர்த்தாங்க. அதுக்கு வீரோ செல்னு பேரு. அந்த செல் சாகாம பெருகிக்கிட்டே போற வகை. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள்ல அதோட வாரிசுகள் இன்னும் பெருகிக்கிட்டிருக்கு. இன்னிக்கு நாய்க்கடி ஊசியில பெரும்பங்கு இந்த வீரோ செல்லில் செய்யறதுதான் (கோழிக்கரு செல்லில் செய்யறதும் உண்டு). ஆட்டு மூளையில நூறு வருஷம் பெருமை பேசின குன்னூரே வீரோ செல்லுக்கு மாறிடுச்சு.

இந்த ஒரு குரங்குக்கு எதிர்ப்பக்கம் லட்சக்கணக்கான குரங்குகளை வெச்சுப் பாருங்க. 1950கள்ல போலியோ ஊசி செய்யவும் சோதிக்கவும் இந்தியாவிலேருந்து ஒரு வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல குரங்கு விமானத்துல போச்சு. 1955ல லண்டன் விமான நிலையத்துல வண்டிக்குள்ள அடைச்சு வெச்சதுல கிட்டத்தட்ட நானூறு குரங்கு மூச்சு முட்டி செத்துது. நேரு அரசு ஏற்றுமதியை நிறுத்துச்சு. மருத்துவத்துக்கு மட்டும்தான் பயன்படுத்துவோம்னு வாக்கு வாங்கிட்டு மறுபடி திறந்துவிட்டாங்க. 1977ல அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்துல நம்ம குரங்குகளைக் கதிர்வீச்சுல வெச்சு சோதிச்ச விவகாரம் வெளிய வந்துது. மொரார்ஜி தேசாய் 1978லேருந்து ஏற்றுமதிக்கே பூட்டு போட்டார். போலியோ ஊசி நின்னுடுமோன்னு பயந்தாங்க. நிக்கலை.

மீதிப் பாதி பதில் பேங்காக்ல இருந்து வந்துது. தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்து டாக்டர்கள், ஊசியைச் சதையில போடாம தோலுக்குள்ள 0.1 மில்லி மட்டும் ரெண்டு கையிலயும் போட்டா போதும்னு நிரூபிச்சாங்க. மருந்துத் தேவை 60லேருந்து 80 சதவீதம் வரைக்கும் குறைஞ்சுது. 2006ல இந்தியா இந்த முறையை அனுமதிச்சுது. அதனாலதான் இன்னிக்கு அரசு ஆஸ்பத்திரியில அதே நல்ல ஊசி இலவசமாக் கிடைக்குது. 0, 3, 7, 28ம் நாள். நாலே தடவை. தொப்புள் நிம்மதியா இருக்கு.

எங்க ஊர்க்காரர் தலைமையில

சரி, தவளைக்கு வருவோம். அக்கா பொண்ணு என்கிட்ட கேட்டது அதைத்தானே.

1953ல ராஜ்யசபாவுல கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தாங்க, விலங்குகளைக் கொடுமைப்படுத்தறதைத் தடுக்க. அப்ப சபைத் தலைவர் நாற்காலியில இருந்தவர் துணை ஜனாதிபதி ராதாகிருஷ்ணன், எங்க திருத்தணியில பொறந்தவர். (இந்தப் பெருமையைச் சொல்லாம எந்தப் பதிவும் நான் முடிச்சதில்லை, ஹி ஹி.) நேரு எழுந்து, அரசாங்கமே முழுமையான சட்டம் கொண்டுவரும், நீங்க வாபஸ் வாங்கிக்கங்கன்னு கேட்டுக்கிட்டார். கமிட்டி போட்டாங்க. சட்டம் 1960 டிசம்பர்ல வந்துது. அதே 1960ல, ஏப்ரல் 1ம் தேதிதான் எங்க பக்கம் ஆந்திராவிலேருந்து பிரிஞ்சு மதராஸ் மாநிலத்தோட சேர்ந்தது. 1962ல விலங்கு நல வாரியம் அமைஞ்சப்ப முதல் தலைவர் ருக்மிணி தேவியேதான்.

அந்தச் சட்டத்தை உக்காந்து படிச்சேன். நோயைத் தடுக்கவும் உயிரைக் காக்கவும் செய்யற சோதனை குற்றமில்லைன்னு ஒரு பிரிவு சொல்லுது. சரி, என்னோட ஆடு அங்க வந்துடுச்சு. அதுக்கப்புறம் 17வது பிரிவு. சோதனைகளைக் கண்காணிக்கற கமிட்டி என்னென்ன கவனிக்கணும்னு ஒரு பட்டியல். மயக்க மருந்து கொடுக்கணும். பெரிய பிராணிக்குப் பதிலா முயல், தவளை, எலி போதும்னா பெரிசைத் தொடக் கூடாது (பாவம், தவளை அங்கேயே மாட்டிக்கிச்சு). அடுத்து நான் ரெண்டு தடவை படிச்ச இடம்: மருத்துவப் பள்ளி, கல்லூரி மாதிரி இடங்கள்ல புத்தகம், மாதிரி உருவம், சினிமாப் படம் போன்றவை போதுமானதா இருந்தா விலங்குச் சோதனையைத் தவிர்க்கணும். வெறும் கைத்திறமை பழகறதுக்காக முடிந்தவரை செய்யக் கூடாது.

1960ல எழுதினது! எங்க அக்கா பொண்ணு மொட்டை மாடியில கேட்ட அதே கேள்வி, அவ அம்மா பொறக்கறதுக்கு முன்னாடியே சட்டப் புத்தகத்துல பதிலோட இருந்திருக்கு. 1991ல நான் ரெண்டாவது தவளையை எடுத்தப்பவும் இருந்துது.

ஏன் நடக்கலை? கமிட்டி 1964ல பேருக்கு அமைஞ்சுது. மேனகா காந்தி தலைமையில மறுபடி உயிர் வந்து, விதிகள் வந்தது 1998ல. இதுக்கு நடுவுல இந்தியா வெளிநாட்டுத் தட்டுக்கு ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் தவளைக்கால் ஏற்றுமதி பண்ணுச்சு. வயல்ல பூச்சி தின்ன ஆளில்லாம போயிடுச்சேன்னு 1987ல தான் அதை நிறுத்தினாங்க. சென்னை புளூ கிராஸ் கம்ப்யூட்டர்லயே தவளை அறுக்கற 'கம்ப்யூஃப்ராக்' மென்பொருளைக் கொண்டுவந்தாங்க. 2009ல திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்துல, கல்வியில விலங்குக்கு மாற்று தேடறதுக்குன்னே மகாத்மா காந்தி - டோரன்காம்ப் மையம் ஆரம்பிச்சாங்க. பேராசிரியர் அக்பர்ஷா அதுக்குப் பொறுப்பா இருந்தார். வாழ்க்கை முழுக்க விலங்கியல் சொல்லிக்கொடுத்த ஒருத்தரே கத்தியைக் கீழ வைக்கலாம்னு சொன்னதாலதான் மத்த வாத்தியார்களும் காது கொடுத்தாங்கன்னு நினைக்கிறேன். 2011ல பல்கலைக்கழக மானியக்குழு படிப்படியா குறைக்கச் சொல்லுச்சு. 2014ல இளங்கலை, முதுகலை ரெண்டுலயும் மொத்தமா நிறுத்தச் சொல்லிடுச்சு. அதே 2014ல அழகு சாதனங்களை விலங்கு மேல சோதிக்கறதையும், அப்படிச் சோதிச்சு வர்ற இறக்குமதியையும் இந்தியா தடை பண்ணுச்சு.

1960லேருந்து 2014. ஐம்பத்து நாலு வருஷம். ஆட்டுக்கு இருபது, தவளைக்கு ஐம்பத்து நாலு.

முடிஞ்சுதான்னா, இல்லை

எல்லாம் சுபம்னு முடிச்சா பொய் சொன்னதாயிடும். நாய் ஆழமாக் கடிச்சா ஊசியோட எதிர்ப்பு சீரமும் போடணும். அதுல பெரும்பாலானது இன்னும் குதிரை ரத்தத்துலேருந்துதான் வருது. ஆய்வுக்கூடத்துல தயாராகற மாற்று இந்தியாவுலயே வந்துடுச்சு, ஆனா எல்லா ஊர் ஆஸ்பத்திரிக்கும் இன்னும் போய்ச் சேரலை. பாம்புக்கடி மருந்து? முழுக்க முழுக்க குதிரை. மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலியில இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978லேருந்து பாம்பு விஷம் எடுத்துக் கொடுக்குது. அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஏத்தி, அதோட ரத்தத்துல உண்டாகற எதிர்ப்பொருளைப் பிரிச்சுத்தான் மருந்து. வரப்புல நல்லபாம்பு தீண்டி யாராவது தூக்கிட்டு வந்தா, குதிரை பாவம்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்ல மாட்டீங்க. ஆனா அந்தக் குதிரைக்கு நல்ல லாயம், ரத்தம் எடுத்தா ஓய்வு, வயசானா பராமரிப்பு, இதைக் கேக்கலாமே? கேக்கணும். வேற வழி தேடறவங்களுக்குக் காசு கொடுங்கன்னும் கேக்கணும். புது மருந்துக்கு விலங்குச் சோதனைக்குப் பதிலா செல், கம்ப்யூட்டர் முறைகளையும் ஏத்துக்கலாம்னு 2023ல இந்தியா விதியைத் திருத்தியிருக்கு. கதவு திறந்திருக்கு, யாரும் உள்ள போகணும்.

அக்கா பொண்ணுக்கு நேத்து போன் பண்ணினேன்.

"நீ சொன்னது சரிதாம்மா. அது வேற, இது வேற. ஆட்டுக்கு அப்ப ஒரு காரணம் இருந்துது. தவளைக்கு இல்லை."

"அதைத்தானே மாமா சொன்னேன்."

"இரு, முழுசா சொல்ல விடு. அந்த ஆட்டோட காரணத்துக்கும் ஒரு கடைசித் தேதி இருந்துது. அது தாண்டின பிறகும் இருபது வருஷம் அறுத்தோம். எல்லாத்துக்கும் ஒரு தேதி இருக்கு. அதை யாராவது கேட்டுக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா பழக்கத்துல அறுத்துக்கிட்டே இருப்போம்."

கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு கேட்டா: "மாமா, அந்த நெசவாளர் இப்ப இருக்காரா?"

இல்லை. அஞ்சாறு வருஷம் ஆச்சு. அவர் வாசல்ல இப்ப அவர் பேரன் பைக் நிறுத்தறான்.

டிஸ்கி: எந்த நாய் கடிச்சாலும் (வீட்டு நாயா இருந்தாலும்) உடனே ஓடற தண்ணியில சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவுங்க. மிளகாப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, நாலு தடவையும் விடாம போட்டுக்கங்க. ஊசி கையிலதான், வலிக்காது. ஒன்பது வயசுல தினமும் அழுதுகிட்டே பஸ்ஸுல போனவன் சொல்றேன், நம்புங்க :-)